தொண்டுக்கும் உண்டு பணிநேரம்

போடிநாயக்கனூரில் பொழுது விடிவது ஜீப்புகளின் இரைச்சலோடுதான். காலை ஐந்தரை மணிக்கெல்லாம் தெருமுனைகளில் பெண்கள் கூடி நிற்பார்கள். கையில் தூக்குச்சட்டி, மழை வந்தால் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாள், தலையில் துண்டு. அவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறும். அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பன்சோலை என்று கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் பிரிந்து செல்லும். பொழுது சாயும் வேளையில் அதே ஜீப்புகள் அவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிடும். இடுக்கி மாவட்டத்து மலைகளில் விளையும் ஏலக்காயில் பெரும்பங்கு நம் அடிவாரத்து ஊர்களின் உழைப்பு. அந்தக் காய் மீண்டும் மலையிறங்கி, நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்காகப் போடிக்கே வருகிறது.

இந்தத் தொழிலாளர்களைப் பற்றியும், அவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு பயணம் செய்யும் ஜீப்புகளைப் பற்றியும் போதாத அளவிலேனும் பேச்சு எழுகிறது. அவர்களுக்காக உழைக்கும் இன்னொரு கூட்டம் உண்டு. பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு எடுப்பவர்கள், மகளிர் குழுக்களைக் கூட்டுபவர்கள், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தருபவர்கள், காசநோய் மாத்திரையை இடையில் நிறுத்தியவரைத் தேடிப்பிடித்து மறுபடியும் மருத்துவமனைக்கு அழைத்து வருபவர்கள். தன்னார்வத் தொண்டு நிறுவனங்களின் களப்பணியாளர்களான இவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது பொதுவெளியில் ஒரு கேள்வியாகவே எழுந்ததில்லை.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோதும் அது எழவில்லை. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், செயலிவழித் தொழிலாளர்கள் என்று பல கோணங்களில் வாதங்கள் நடந்தன. அவற்றுள் ஒன்றான தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, முழுமையாகவோ பெருமளவிலோ அறப்பணியிலும் சமூகப் பணியிலும் ஈடுபடும் அமைப்புகளின் நிறுவனங்களைத் 'தொழில்' என்னும் வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. நான் படித்த விவாதங்கள் எதிலும் இந்த ஒரு வரியை யாரும் தொடவில்லை. இதற்குப் பின்னர் திரும்பி வருகிறேன். அதற்கு முன் ஒரு தன்னிலை விளக்கம் தேவைப்படுகிறது.

என் முன்னாள் மாணவி ஒருவர், போடிக்கு அருகில் உள்ள கிராமத்தைச் சேர்ந்தவர். தாய் ஏலத் தோட்டத் தொழிலாளி. பொருளியலில் முதுகலை முடித்த அவரை வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொன்னேன். தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று அவர் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தார். ஓய்வுபெற்ற பிறகு நானும் அதே நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானேன். மூன்றாம் ஆண்டின் முடிவில் அவருடைய விலகல் கடிதம் எங்கள் கூட்டத்துக்கு வந்தது. தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலைக்குப் போகிறார் என்றார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அர்ப்பணிப்பு போதாது" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையசைத்தார்கள். சொன்னவர் நான்தான்.

சில வாரங்களுக்குப் பிறகு தேனிப் பேருந்து நிலையத்தில் அவரைச் சந்தித்தேன். ஏனம்மா விட்டுவிட்டாய் என்று கேட்டேன். "அம்மாவத் திரும்பக் கூட்டிட்டு வர ஜீப்பு இருக்கு சார். எனக்கு அது இல்ல" என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அந்த வாக்கியம் என்னை அலுவலகத்துக்குப் போக வைத்தது. அவர் எழுதி வைத்திருந்த களப்பணி நாட்குறிப்பை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஏலத் தோட்டத்துப் பெண்களைச் சந்திக்க இரண்டே வேளைகள்தாம் உண்டு: ஜீப் ஏறுவதற்கு முன், ஜீப்பிலிருந்து இறங்கிய பின். எனவே அவருடைய நாள் காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரை வரை ஓடும். பத்து மணி முதல் ஐந்து மணி வரை பள்ளி, வங்கி, வட்டாட்சியர் அலுவலகம், அறிக்கை. மறுபடியும் மாலை ஆறரை முதல் ஒன்பது வரை வகுப்பும் குழுக் கூட்டமும். நாளொன்றுக்குப் பதினொன்றரை மணி நேரம், ஆறு நாளைக்கு 69 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர்களுக்கு விடுமுறை என்பதாலேயே ஊர்க்கூட்டம் அன்றைக்கு வைக்கப்படும். அதற்கு ஒரு நான்கு மணி நேரம். ஆக வாரத்துக்கு 73. இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசியில் அனுப்பிய புகைப்படங்களையும் வருகைப் பட்டியலையும் இதில் நான் சேர்க்கவில்லை. அவர் பெற்ற மாத ஊதியம், அவருடைய தாய் மாதத்தில் 24 நாள் தோட்ட வேலைக்குப் போய்ப் பெற்ற கூலியைவிடக் குறைவு. நிர்வாகக் குழுவில் அந்த ஊதியப் பட்டியலுக்குக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். முப்பது ஆண்டுகள் உழைப்புச் சந்தைப் பாடம் நடத்தியவன்.

பணியில் எரிந்து சாம்பலாகிப்போதல் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்கிறார்கள். தகவல் தொழில்நுட்ப நிறுவனத்து இளைஞர்களுக்கு வருவது என்று நாம் நினைத்துக்கொள்ளும் இந்தச் சொல், ஆய்வுலகில் கால்பதித்ததே ஒரு தொண்டு நிறுவனத்தில்தான். நியூயார்க்கில் ஏழைகளுக்காக நடந்த ஓர் இலவச மருத்துவ மையத்தில் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் பணியாற்றினார். பகலில் தம் சொந்த மருத்துவத் தொழில், அது முடிந்ததும் நள்ளிரவு வரை அந்த மையம். உடன் உழைத்த தன்னார்வலர்கள் ஓராண்டுக்குள் சலிப்பும் சிடுசிடுப்பும் உடல்நலக் குறைவுமாக மாறிப்போவதைக் கண்டார். தமக்கும் அதுவே நேர்வதை உணர்ந்தார். 1974ஆம் ஆண்டு அதைக் கட்டுரையாக எழுதினார். மிகுந்த அர்ப்பணிப்பு உள்ளவர்கள்தாம் முதலில் வீழ்கிறார்கள் என்பது அவர் கண்டவற்றுள் முக்கியமானது. அன்று கூட்டத்தில் நான் உதிர்த்த வாக்கியத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பில் இதற்கு இடம் தந்தபோது, இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. பணியிடத்தில் நீடிக்கும் அழுத்தம் சரிவரக் கையாளப்படாததால் விளைவது என்றே விளக்கியது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையின்மீது விலகலும் கசப்பும் தோன்றுதல், செய்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் அதன் கூறுகளாகச் சொன்னது. பணியிடத்தில் விளைவதைப் பணியிடத்தில்தான் சரிசெய்ய வேண்டும். தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் இப்போது ஆண்டுக்கொரு முறை தியான முகாம், மன அழுத்தப் பயிற்சி என்று நடத்துகிறார்கள். தவறில்லை. ஆனால், அந்தப் பயிற்சியும் ஞாயிற்றுக்கிழமையில்தான் நடக்கிறது!

களப்பணியாளரின் நடுப்பகல் எங்கே போகிறது என்று பார்த்தபோது எனக்குப் புலப்பட்டதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவருடைய காலையும் மாலையும் மக்களோடு கழிகின்றன. அவற்றை அவர் ஒருபோதும் சுமையாகச் சொன்னதில்லை. பத்து மணி முதல் ஐந்து மணி வரையிலான நேரத்தில் பாதிக்கு மேல் எழுத்து வேலை. எங்கள் நிறுவனத்துக்கு மூன்று நிதி நல்கையாளர்கள். மூவரும் ஒரே பிள்ளைகளின் வருகையைத்தான் கேட்கிறார்கள், மூன்று வெவ்வேறு படிவங்களில். ஒருவருக்கு மாத அறிக்கை, ஒருவருக்குக் காலாண்டு அறிக்கை, இன்னொருவருக்கு வாரந்தோறும் இடக்குறியீட்டோடு புகைப்படம். இதைச் செய்ய ஓர் எழுத்தரை அமர்த்தினால் அது 'நிர்வாகச் செலவு'. நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால்தான் நிறுவனம் நேர்மையானது என்பது நல்கையாளர்களின் பொதுவான நம்பிக்கை. எனவே எழுத்தர் அமர்த்தப்படுவதில்லை. அவருடைய வேலை மட்டும் மறைந்துபோகாமல் களப்பணியாளரின் மேசைக்கு வந்து சேர்கிறது.

2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. தொண்டு நிறுவனத்தார் பலர் எல்லாப் பழியையும் இதன்மீது போடுகிறார்கள். அது முழு உண்மையன்று. பள்ளி ஆசிரியரின் சம்பளமும் மருத்துவமனை மருத்துவரின் சம்பளமும் பயிற்சி அளிப்பவர், களத்தகவல் திரட்டுபவர் ஆகியோரின் சம்பளமும் அந்தச் சட்டத்தின் விதிகளின்படி நிர்வாகச் செலவில் சேரா. களப்பணியாளருக்கு நியாயமான ஊதியம் தரச் சட்டம் தடையாக இல்லை. அவருக்குத் துணையாக ஒரு கணக்கரையும் அலுவலக உதவியாளரையும் வைத்துக்கொள்ளத்தான் இடம் சுருங்கிவிட்டது. உச்சவரம்புக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நட்சத்திர விடுதியில் வறுமை ஒழிப்புக் கருத்தரங்கு நடத்திய நிறுவனங்களை நாடு பார்த்திருக்கிறது. அந்தத் தவறுக்கான தண்டனை போடித் தெருக்களில் நடந்தே சென்று பணியாற்றுபவருக்குப் போய்ச் சேர்ந்ததுதான் கொடுமை.

2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இதைத் தொண்டு நிறுவனங்களின் 'பட்டினிச் சுழற்சி' என்று பெயரிட்டு எழுதினார்கள். நல்கையாளர் எதிர்பார்க்கும் நிர்வாகச் செலவு உண்மைக்குப் பொருந்தாத அளவுக்குக் குறைவு. நிறுவனம் அதற்கேற்பத் தன் செலவைக் குறைத்தும் மறைத்தும் காட்டுகிறது. அதைப் பார்த்து நல்கையாளரின் எதிர்பார்ப்பு இன்னும் குறைகிறது. நானும் அப்படிக் குறைத்துக் காட்டிய வரவுசெலவுத் திட்டங்களைச் சரிபார்த்து, "சிக்கனமாக இருக்கிறது" என்று பாராட்டியிருக்கிறேன்.

நாட்காட்டிகளுக்கு இடையே ஒரு முரண்பாடும் இருக்கிறது. ஏலக்காயின் ஆண்டு ஆடி, ஆவணியில் தொடங்கித் தை மாதம் வாக்கில் முடிகிறது. ஒரே செடியில் காய்கள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. முற்றியதை மட்டும் பறித்துவிட்டு, மற்றவற்றுக்காக ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து மறுபடியும் வர வேண்டும். அந்த மாதங்களில்தான் தாய்மார்கள் வீட்டில் இருக்கும் நேரம் மிகவும் குறைவு, பிள்ளைகள் தனித்து விடப்படுவதும் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுவதும் அதிகம். களப்பணியாளருக்கும் உச்சகட்ட வேலை அப்போதுதான். பறிப்பு ஓய்ந்து சற்று மூச்சுவிடலாம் என்றால் மார்ச் 31 வந்துவிடும். நிதியைச் செலவிட்டதற்கான சான்று, தணிக்கை, ஆண்டறிக்கை. ஏப்ரலில் பழைய திட்டம் முடிந்துவிடும். புதிய திட்டத்துக்கு ஒப்புதல் ஜூனிலோ ஜூலையிலோ வரும். இடைப்பட்ட மாதங்களில் சம்பளம் பாதியாகவோ பாக்கியாகவோ இருக்கும். ஓய்வு கிடைக்கும் காலம் வருமானம் இல்லாத காலமாகவும் ஆகிவிட்டால் அதை ஓய்வு என்று எப்படிச் சொல்வது?

உள்ளூர்க் கொடையை நம்பியிருக்கும் சிறிய அமைப்புகளின் நிலை இதைவிட நிலையற்றது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், 2022இல் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. விலை ஏறிய ஆண்டில் வணிகர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். இறங்கிய ஆண்டில் கொடுக்க முடியவில்லை. அவர்களைக் குறை சொல்ல இயலாது. ஆனால், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு உதவி மிகவும் தேவைப்படுவது விலை சரிந்து வேலை நாள்கள் குறையும்போதுதான்.

தொண்டு என்றால் தியாகம்தானே, நேரம் பார்த்தா செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. நேரம் பார்க்காமல் செய்ய வேண்டிய தருணங்கள் இருக்கின்றன. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவி, மலையேற்றத்துக்கு வந்த 23 பேரின் உயிரைப் பறித்தது. அன்று அடிவாரத்து ஊர்க்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மலையேறவில்லை. அப்படிப்பட்ட நாளில் யாரும் விடுப்பு கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. தொண்டு நிறுவனங்களின் நிர்வாகம் எல்லா நாளையும் அந்த நாளாகவே நடத்துகிறது என்பதுதான் சிக்கல். மாத இறுதி அறிக்கைக்கும் அதே பதற்றம், நல்கையாளர் வருகைக்கும் அதே பதற்றம். எப்போதும் நெருக்கடி என்று சொல்லிக்கொண்டே இருக்கும் இடத்தில், உண்மையான நெருக்கடி வரும்போது ஓடுவதற்கு யாருக்கும் கால்களில் வலு இருக்காது.

நீண்ட நேரம் உழைத்தால் நிறைய வேலை நடக்கும் என்னும் எண்ணத்தையும் பொருளியல் எப்போதோ சோதித்துப் பார்த்துவிட்டது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருந்தொகையாக வேலைக்குச் சேர்க்கப்பட்டனர். நாட்டுக்காக ஞாயிறும் உழைக்க வேண்டும் என்ற வேகம் இருந்தது. 1915இல் அமைக்கப்பட்ட ஓர் அரசுக் குழு அவர்களுடைய பணிநேரத்தையும் உற்பத்தியையும் வாரவாரியாகக் கணக்கெடுத்து வைத்தது. அந்தப் புள்ளிவிவரங்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் பென்கவெல் நூறாண்டு கழித்து மறுபடியும் ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி நேரம் வரை, உழைப்பு கூடக்கூட உற்பத்தியும் அதே விகிதத்தில் கூடியது. அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் மணியும் தரும் பலன் குறைந்துகொண்டே வந்தது. 70 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தி 56 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தியைவிடப் பெரிதாகக் கூடவில்லை. வார விடுமுறை இல்லாத வாரங்களில் இழப்பு மேலும் தெளிவாகத் தெரிந்தது. போர்முனையில் இருக்கும் தம்பிக்காக, கணவருக்காகக் குண்டு செய்தவர்கள் அவர்கள், அர்ப்பணிப்புக்குக் குறைவிருந்திருக்காது. என் மாணவியின் 73 மணி நேரத்தில் கடைசிப் பதினேழு மணி நேரம் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன தந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடமிருந்து எதைப் பறித்தது என்று தெரியும்.

காந்தியத் தலைமுறையை எடுத்துக்காட்டிப் பேசுவோருக்கும் இரண்டு செய்திகள். ஓயாது உழைத்தவராக நாம் அறியும் காந்தியடிகள் திங்கட்கிழமைகளில் மௌனம் காத்தார். அதன் ஆன்மிகப் பலனை அவர் பின்னர் பேசினாலும், இடைவிடாத நெருக்கடியிலிருந்து விடுபட்டு எழுதுவதற்கு நேரம் பெறவே அது தொடங்கப்பட்டது. இரண்டாவது, பொருளியல் சார்ந்தது. மருத்துவர் சௌந்தரம் 1947இல் நம் அண்டை மாவட்டத்தில் நிறுவிய காந்திகிராமம் போன்ற வளாகங்களில் தங்கிப் பணியாற்றியவர்களின் ஊதியம் குறைவுதான். தங்குமிடமும் உணவும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் தோழமையும் அந்த வளாக வாழ்க்கையோடு கிடைத்தன. இன்றைய களப்பணியாளர் வீட்டு வாடகையைச் சந்தை விலையில் கொடுக்கிறார். பிள்ளையின் கட்டணத்தையும் இருசக்கர வாகனத்தின் எரிபொருளையும் அவ்வாறே. அந்தத் தலைமுறையின் ஊதியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கி நின்ற ஏற்பாட்டை விட்டுவிட்டோம்.

தன்னார்வம் என்ற சொல்லையும் நாம் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்களுக்கு மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். தொகை சிறியது, அதைப் பற்றி விமர்சனம் எழுந்ததும் நியாயம். ஆனாலும், கேட்கப்பட்ட நேரம் நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் என்று எல்லை கட்டப்பட்டிருந்தது. நேரத்துக்கு எல்லை இருந்தால் அது தன்னார்வப் பணி. முழுநாளையும் எடுத்துக்கொண்டு, சம்பளத்தை 'மதிப்பூதியம்' என்றும் பணியாளரைத் 'தன்னார்வலர்' என்றும் எழுதிவைப்பதற்கு வேறு பெயர் உண்டு. இருபது பேரை எட்டினால் வருங்கால வைப்புநிதி கட்ட வேண்டுமே என்று பத்தொன்பதோடு நிறுத்திக் கணக்குக் காட்டுவதும் நடக்கிறது. தொழிலாளர் உரிமை பற்றித் துண்டறிக்கை அச்சிடும் அமைப்புகளே இதைச் செய்வதுண்டு.

இங்குதான் அந்தச் சட்ட வரிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 1978இல் பெங்களூர் நீர் வழங்கல் வாரிய வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இடம்பெற்ற ஏழு நீதிபதிகள் அமர்வு, ஓர் அமைப்பு லாப நோக்கம் கொண்டதா என்பது முக்கியமல்ல, அங்கே முதலாளி–தொழிலாளி உறவோடு முறைப்படியான பணி நடக்கிறதா என்பதே முக்கியம் என்று தீர்ப்பளித்தது. அதன்படி மருத்துவமனையும் கல்வி நிலையமும் அறநிறுவனமும் 'தொழில்' என்ற வரையறைக்குள் வந்தன. அவற்றை விலக்கும் வகையில் 1982இல் நாடாளுமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. அந்த வரையறை மட்டும் கடைசிவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. நாற்பதாண்டுகளுக்கு மேல் உறங்கிய விலக்கு, அறநிறுவனங்களைப் பொறுத்தவரை, இப்போது புதிய தொகுப்பின் வழியாக உயிர்பெற்றிருக்கிறது. பணிநீக்கம் செய்யப்பட்டால் இழப்பீடு கேட்கவும் தொழில் தகராறாக எழுப்பவும் இருந்த வாசல், தொண்டு நிறுவனப் பணியாளருக்குச் சாத்தப்பட்டுவிட்டது. செயலிவழி உணவு கொண்டுவரும் இளைஞருக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு முதன்முறையாகப் பெயரளவிலாவது ஓர் இடம் தந்திருக்கும் அதே நாளில் இது நடந்திருக்கிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் கூட்டமைப்பு வைத்திருக்கும் தொண்டு நிறுவனங்கள், தங்கள் பணியாளருக்கு எதிரான இந்த விலக்கு வேண்டாம் என்று ஒரு மனுவாவது கொடுத்திருக்கலாம். நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கு இது வசதியாக இருக்கிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

சட்டம் மாறக் காலம் ஆகும். நிறுவனத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை குறைவில்லை. எங்கள் நிறுவனத்தில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். பெரிய சாதனை ஒன்றுமில்லை. காலையும் மாலையும் களத்தில் இருப்பவருக்கு முற்பகல் பதினொன்று முதல் மாலை நான்கு வரை வேலை கிடையாது என்று எழுதி வைத்தோம். அலுவலகக் கதவையே பூட்டினோம். திறந்திருந்தால் யாராவது வந்து உட்கார்ந்து அறிக்கை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போனவர் புதன்கிழமை வரக் கூடாது. எழுத்து வேலைக்கு வாரத்தில் ஒரு நாள், அன்றைக்குக் களம் இல்லை. மூன்று நல்கையாளர்களுக்கும் ஒரே படிவத்தை ஏற்கும்படி எழுதினோம். இருவர் ஏற்றார்கள், ஒருவர் மறுத்தார். இரவு எட்டு மணிக்கு மேல் புலனக் குழுவில் செய்தி அனுப்புவதில்லை என்ற விதியை முதலில் மீறியவர் எங்கள் நிறுவனர். நல்ல மனிதர், இருபதாண்டுகளாகத் தாம் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை என்று பெருமையாகச் சொல்பவர். அந்தப் பெருமைதான் மற்றவர்களை விடுப்பு கேட்கத் தயங்க வைத்தது என்பதை அவரிடம் சொல்ல எங்களுக்கு மூன்று கூட்டங்கள் ஆயின.

முதல் சில மாதங்களில் குழப்பம்தான். நடுப்பகலில் வந்த நல்கையாளர் பிரதிநிதி ஒருவர் பூட்டிய கதவைப் படமெடுத்துத் தம் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஐந்தரை மணி ஜீப் நிறுத்தத்துக்கு அவரை அழைத்தோம்; அவர் தங்கியிருந்த விடுதியில் காலை உணவு எட்டு மணிக்குத்தான் என்று பதில் வந்தது.

செலவுக் கணக்கைப் பொறுத்தவரை ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு களப்பணியாளர் விலகினால் அடுத்தவரைத் தேட, பயிற்சி தர ஆகும் செலவை எந்தத் திட்ட வரவுசெலவும் காட்டுவதில்லை. எந்தப் பிள்ளையின் தந்தை குடித்துவிட்டு அடிக்கிறார், எந்த வீட்டில் பாட்டிதான் முடிவெடுப்பவர், எந்தப் பெண் மருத்துவமனைக்கு வர அஞ்சுகிறார் என்பவை எந்தப் படிவத்திலும் இல்லை. அவை விலகியவரோடு போய்விடுகின்றன. என் மாணவி போன பின் அவருடைய இரண்டு மாலை வகுப்புகளில் ஒன்று ஐந்து மாதம் மூடிக் கிடந்தது. மறுபடி திறந்தபோது முன்பு வந்த பிள்ளைகளில் நால்வர் வரவில்லை. அவர்களில் ஒரு சிறுமி தாயோடு ஜீப் ஏறத் தொடங்கியிருந்தாள்.

அடுத்த ஆண்டுக்கான திட்ட வரைவில் 'மாற்றுப் பணியாளர்' என்று ஒரு தலைப்பைச் சேர்த்திருக்கிறோம். ஐந்து களப்பணியாளருக்கு ஒருவர் என்ற கணக்கில், யாராவது விடுப்பில் போனால் அந்த வகுப்பை நடத்த ஒருவர். ஏப்ரல் முதல் ஜூன் வரையும் சம்பளம் உண்டு. நல்கையாளரிடமிருந்து வந்த முதல் மின்னஞ்சல் அந்த வரியை நீக்கச் சொன்னது. நீக்கவில்லை. நாட்குறிப்பிலிருந்து நான் போட்ட 73 மணி நேரக் கணக்கையும் சேர்த்து வரைவைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.